எடுக்கும் ஊசி

பழனியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் பஸ் சிறிது தூரம் ஓடியதுமே, ஊர் கண்ணில் படுவதற்கு முன்பாக ஆயக்குடியின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். கொய்யாப்பழ வாசனை. சாலையோரத்தில் கூடை கூடையாகக் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காலத்தில் பாளையக்காரர்கள் ஆண்ட ஊர் இது என்று சரித்திரம் சொல்கிறது. இப்போது ஆளுவது கொய்யாதான்.

அந்த ஊரில் ஒரு தோட்டக்காரர் வீட்டில் என் தங்கை மகளைக் கொடுத்திருக்கிறோம். நான் ஒரு தடவை அங்கே போயிருந்தபோது வீட்டில் ஒரு சிறு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அந்தப் பெண். மறுபக்கம் அவளுடைய மாமியார். யுத்தத்துக்குக் காரணமானவனோ, பத்து மாதப் பையன், தரையில் தவழ்ந்து வந்து என் செருப்பை வாயில் வைக்க முயன்றுகொண்டிருந்தான். மொழுமொழுவென்று இருந்தான். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. பார்த்தவர்கள் திருஷ்டி சுற்றிப் போடச் சொல்லும்படியான குழந்தை.

விஷயம் இதுதான். தடுப்பூசி போடுவதற்காகப் பழனியில் ஒரு குழந்தை டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் பையனின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறான் என்று விசாரித்தார். ஐந்தாம் மாதத்திலிருந்தே பசும்பால்தான், ஒரு நாளைக்கு நாலைந்து பாட்டில், சோறு பருப்பென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். “கொஞ்சம் வெளிறியிருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இரும்புச்சத்து எப்படி இருக்கிறதென்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்” என்றார் அவர். தாய் தலையாட்டினாள். பாட்டி பேரனைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

“நீங்களே சொல்லுங்கண்ணே” என்று அந்த அம்மாள் என்னிடம் முறையிட்டாள். “இந்தப் புள்ளையைப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு? பச்சப் புள்ளை கையில ஊசியைக் குத்தி ரத்தத்தை உறிஞ்சணுமாம். ரத்தம் இருக்கான்னு பார்க்கறதுக்கு இருக்கிற ரத்தத்தை எடுப்பாங்களா?”

“மாமா, நீங்கதான் அத்தைக்குச் சொல்லணும்” என்றாள் என் தங்கை மகள்.

கதை எழுதுகிறவனிடம் நியாயம் கேட்டால் அவன் இரண்டு கட்சியிலும் பேசிப் பார்ப்பான். அன்று இரவு முழுவதும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். 

முதலில் பாட்டியின் கட்சி. “ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க இருக்கும் ரத்தத்தை எடுப்பதா?” என்ற கேள்வியைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். சிரிக்க வேண்டியதில்லை. குறைப் பிரசவத்தில் பிறந்து ஒரு கிலோ எடையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் சிசுவின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 80 மில்லி ரத்தம்தான் உண்டு. அந்தப் பரிசோதனை, இந்தப் பரிசோதனை என்று தினமும் ஒன்றிரண்டு மில்லியாக எடுத்துக்கொண்டே இருந்தால், பரிசோதனையே சோகைக்குக் காரணமாகிவிடும். இதை மருத்துவர்களே ஒப்புக்கொண்டு, எடுத்த அளவைக் குறித்து வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். ஆயக்குடிப் பாட்டி கண்டுபிடித்த விஷயம் மருத்துவ நூலில் இருக்கிறது. ஆனால் அவள் பேரன் 9 கிலோ. அவன் உடம்பில் 700 மில்லிக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அதில் 2 மில்லி போனால் குறைந்துவிடாது. 

இன்னொன்றும் அவள் சொன்னாள்: “தடுப்பூசி போடறாங்க, போடட்டும். அது உடம்புக்கு ஏதோ குடுக்குது. இது எடுக்குது.” கொடுக்கும் ஊசி, எடுக்கும் ஊசி. நான் இத்தனை வயதில் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. கொடுக்கும் ஊசியில் வலிக்கு உடனே ஒரு பதில் கையோடு கிடைக்கிறது. எடுக்கும் ஊசியில் கிடைப்பது ஒரு காகிதம்; அதில் ஒரு எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வலிக்கு அர்த்தமே உண்டாகும். 

அதே பாட்டி, அடுத்த மாதம் பழனியில் பேரனுக்கு மொட்டை அடித்துக் காது குத்துவதற்கு நாள் பார்த்து வைத்திருக்கிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை வீறிட்டு அலறும். நாம் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டுச் சுற்றி நிற்பவர்களுக்குக் கற்கண்டு வழங்குவோம். ஒரு பயனும் கருதாத துவாரம் அது. இதை நான் அவளிடம் எடுத்துக் காட்டினேன். அவள் தயங்கவே இல்லை. “அது தாய்மாமன் மடியில உட்கார வச்சுக் குத்தறது” என்றாள். யார் மடியில் என்பது அவளுக்கு வலியைவிடப் பெரிய விஷயம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான். 

நம்முடைய பழைய வைத்தியர்கள் நோயைக் கண்டுபிடிக்க எட்டு வகைத் தேர்வுகள் வைத்திருந்தார்கள். நாடி, ஸ்பரிசம், நாக்கு, நிறம், குரல், விழி, மலம், மூத்திரம். எட்டிலும் ரத்தம் இல்லை. உடம்பு தானாக வெளியே காட்டுவதை வைத்தே உள்ளே இருப்பதை ஊகித்தார்கள். சோகையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாண்டு என்று பேர் வைத்து, அயச்செந்தூரமும் கொடுத்தார்கள். அயம் என்றால் இரும்பு. ரத்தத்தைப் பார்க்காமலே இரும்பைக் கொடுக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் சோகை, முற்றிய சோகை. இன்றைய டாக்டர்களும் உள்ளங்கையையும் இமையையும் பார்க்கத்தான் செய்கிறார்கள். கடுமையான சோகையைக் கண் பிடித்துவிடும். ஆரம்பச் சோகை கண்ணை ஏமாற்றிவிடும்.

எனக்குச் சிறு வயதில் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த காட்சி நினைவிருக்கிறது. ஸாலி என்பவரின் முறை என்று அதற்குப் பேர். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை விட்டு, விரலில் எடுத்த ரத்தத்தைக் கலப்பார்கள். அது பழுப்பாக மாறும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடித் துண்டின் நிறத்துக்குச் சரியாக வரும் வரையில் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, “ம், சரி” என்று கம்பவுண்டர் சொன்ன இடத்தில் எண் நின்றது. விஞ்ஞானம் என்று நாம் கைகூப்பியது அந்தக் கம்பவுண்டருடைய ஒற்றைக் கண்ணைத்தான். இப்போது யந்திரம் பார்த்துச் சொல்கிறது. 

சரி, அந்த யந்திரம் எதைப் பார்க்கிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

கிராமத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் நெல் குதிர். சமையற்கட்டில் அரிசிப் பானை. அடுப்பில் சோற்றுப் பானை. குதிரில் நெல் தீர்ந்துபோன மறு நாளே அடுப்பு அணைந்துவிடாது. பானையில் இருக்கும் அரிசி சில நாள் வரும். வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு, புகை கிளம்புகிறது, சோறு மணக்கிறது, வீட்டில் ஒரு குறையும் இல்லை. உடம்பிலும் இப்படித்தான். இரும்பைச் சேமித்து வைக்கும் குதிருக்கு அடையாளம் ஃபெரிட்டின் என்ற ஒரு பொருள். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுத்துப் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் கடைசியில் வரும் சோற்றுப் பானை. முதலில் காலியாவது குதிர். ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று யந்திரம் சொல்லும்போது குதிர் காலியாகி வெகு நாளாகியிருக்கும். 

இந்தக் குதிரைப் பிறக்கும்போதே நிரப்பி அனுப்புகிறவள் தாய். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் பெரும்பகுதி இரும்பு குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டுவதற்கு ஒரு நிமிஷமாவது பொறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக இறங்கும். உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் சொல்கிறது. இந்தச் சீதனம் நாலிலிருந்து ஆறு மாதம் வரையில் தாக்குப்பிடிக்கும். தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தைக் குழந்தையின் குடல் நன்றாக ஏற்றுக்கொள்கிறது. பசும்பாலிலும் கொஞ்சம்தான்; அதைக் குடல் சரியாக ஏற்றுக்கொள்வதில்லை. அதோடு, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சிலருக்குப் பசும்பாலால் குடலில் கண்ணுக்குத் தெரியாதபடி ரத்தம் கசிவதும் உண்டு. வயிறு நிறைய, சதை பிடிக்க, எடை கூட, குதிர் மட்டும் காலியாகிக்கொண்டே போகும். 

வாசகர்களில் பலர் வசதியுள்ள குடும்பத்தவர்கள். சோகை என்றால் ஏழை வீட்டு வியாதி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2016-லிருந்து 2018 வரை இந்தியா முழுவதும் குழந்தைகளுடைய நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தினார்கள். ஒன்றிலிருந்து நாலு வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 41 பேருக்குச் சோகை. 32 பேருக்கு இரும்புக் குதிர் காலி. அந்த இரும்புக் குறை கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். ஏழை வீட்டைவிட வசதியுள்ள வீட்டில் அதிகம். பால் பாட்டிலும் பிஸ்கோத்தும் தாராளமாகக் கிடைக்கும் வீடுகளை நினைத்துக்கொண்டு நான் அந்தக் கணக்கை இரண்டு முறை படித்தேன். 

கணக்கு என்றதும் இன்னொரு கணக்கும் ஞாபகத்துக்கு வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்குச் சோகை என்று வந்தது. தமிழ்நாட்டில் 57. இது விரலைக் குத்தி எடுத்த துளியில் பார்த்தது. விரலை அழுத்திப் பிழியும்போது ரத்தத்தோடு நிணநீரும் கலந்து எண்ணைக் குறைத்துக் காட்டிவிடலாம் என்று அறிஞர்கள் வாதாடினார்கள். கடைசியில் அடுத்த கணக்கெடுப்பில் சோகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, நரம்பு ரத்தத்தில் பார்க்கத் தனியாக ஏற்பாடு செய்தார்கள். வாதம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பெரிய கணக்கெடுப்புக்காக விரலை நீட்டிய குழந்தைகளை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. அவர்களுக்கு முன்னாலேயே யாராவது இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். 

எண்ணின் கதை இதோடு முடியவில்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வெகு காலமாகச் சொல்லிவந்தது. 2024-ஆம் ஆண்டில், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் அந்தக் கோட்டை 10.5-க்கு இறக்கியது. 10.8 உள்ள ஒரு குழந்தை அதற்கு முந்தின நாள் நோயாளி. மறு நாள் ஆரோக்கியசாலி. அவன் உடம்பில் ஒரு துளியும் மாறவில்லை. ஃபெரிட்டினும் சளைத்ததல்ல. காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தால் அது தானாக உயர்ந்துவிடும். கடன்காரன் வரும் நாளில் பதரைக் கொட்டி அதன்மேல் நெல்லைப் பரப்பிக் குதிரை நிறைத்துக் காட்டும் குடியானவன் மாதிரி, காலியான குதிர் நிறைந்ததாகத் தோன்றும். அதனால்தான் நோயில்லாத குழந்தைக்கு 12 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கும் எல்லையை, தொற்று உள்ள குழந்தைக்கு 30 என்று வைத்திருக்கிறார்கள். தொற்று இருக்கிறதா என்பதற்கும் சேர்த்து ஒரு பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது. 

இத்தனை சங்கடம் இருக்கும்போது, யாரையும் குத்தாமல் எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நம் அரசாங்கம் அதைத்தான் செய்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு மில்லி திரவ மருந்து. அதில் 20 மில்லிகிராம் இரும்பு. 2018-ல் சோகையில்லாத பாரதம் என்று பெயரிட்டு இதை முடுக்கிவிட்டார்கள். இதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. பரிசோதனைக்குப் பணமில்லாத வீட்டுக் குழந்தையும் மருந்தில்லாமல் போகாது. கோயில் பிரசாதம் மாதிரி, வரிசையில் நிற்பவனுடைய பசியை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

ஆனால் பிரசாதமும் சில வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் பெம்பா என்று ஒரு தீவு. மலேரியா மிகுந்த இடம். அங்கே சின்னக் குழந்தைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தினமும் இரும்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் அதன் முடிவு வெளிவந்தது. இரும்பு பெற்ற குழந்தைகளிடையே மரணமும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் 100-க்கு 12 அதிகமாயிருந்தன. முயற்சியையே நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே ரத்தம் பார்த்திருந்தார்கள். உண்மையிலேயே இரும்புக் குறையும் சோகையும் இருந்த குழந்தைகளுக்கு அந்த மருந்து நன்மையே செய்திருந்தது. திண்டுக்கல் சீமை பெம்பா அல்ல. இங்கே அந்தப் பயம் இல்லை. இருந்தாலும், தெரியாமல் செய்யும் தானத்துக்கும் தெரிந்து செய்யும் தானத்துக்கும் நடுவே உயிர் போகும் அளவுக்கு வித்தியாசம் இருக்கக்கூடும் என்பதை அந்தத் தீவு காட்டிவிட்டது. 

அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் ரத்தம் பார்த்துவிடுவதா? பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2010-ல், ஒரு வயது நிறையும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னது. 2015-ல் அதே நாட்டின் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு, அறிகுறியில்லாத குழந்தைகளுக்கு இதனால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று நிறுத்துச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று கையை விரித்தது. 

நான் இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தது இந்தக் கணக்குகளால் அல்ல. 

எனக்கு ஒரு மகள் உண்டு. இப்போது அவளுக்கே குழந்தைகள் இருக்கிறார்கள். ஒன்றரை வயதில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். வாசலில் விட்டால் மண். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். மண் தின்ற கண்ணனுடைய வாயைத் திறக்கச் சொல்லி யசோதை பார்த்தாள். அதில் அவள் ஈரேழு உலகத்தையும் கண்டாளாம். என் வீட்டிலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். மண் தெரிந்தது. கையில் ஓர் அடி கொடுத்தேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. கெட்ட பழக்கம், அடித்தால்தான் போகும் என்று நம்பினேன். அந்த நாக்கு வெளிறியிருந்ததா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மண்ணுக்கும் பச்சரிசிக்கும் உடம்பு ஆசைப்படுவது இரும்புக் குறைக்கு ஓர் அடையாளம் என்று நான் படித்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. 

பள்ளிக்கூடத்தில் அவள் மந்தம். கணக்கு ஏறாது. எதைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் கழித்தே பதில் வரும். சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். பிறர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறேன். 

உடம்பில் இரும்பு தட்டுப்படும்போது சிவப்பணுக்களுக்குத்தான் முதல் பந்தி. மூளைக்கு மிச்சம் மீதிதான் என்கிறார்கள். அதாவது, ஹீமோகுளோபின் இன்னும் சரியாக இருக்கும் நாளிலேயே மூளை பட்டினி கிடக்கக் கூடும். பெட்ஸி லோஸாஃப் என்ற அமெரிக்க அம்மையார் மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவில் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, இரும்புக் குறையுள்ளவர்களுக்கு மருந்து கொடுத்து, பிறகு அவர்களை விடாமல் தொடர்ந்து வந்தார். ஐந்து வயதில், பள்ளி வயதில், 19 வயதில். சோகை எப்போதோ தீர்ந்துவிட்டது. நன்றாக வளர்ந்தும் இருந்தார்கள். ஆனால் சிசுப் பருவத்தில் கடுமையாக இரும்பு குறைந்திருந்தவர்கள், அறிவுச் சோதனைகளில் மற்றவர்களுக்குப் பின்தங்கியே இருந்தார்கள். ஏழை வீடுகளில் அந்த இடைவெளி வயது ஏற ஏற அகன்றது. 

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைப்பது நியாயமல்ல. வங்காள தேசத்தில் எட்டு மாதக் குழந்தைகள் 3,300 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கு மூன்று மாதம் இரும்பு கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு வெறும் போலி மருந்து. 2021-ல் வந்த முடிவு: சோகை குறைந்தது, புத்தி வளர்ச்சியில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே என் மகளின் மந்தத்துக்கு இரும்புதான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். அவளுக்கு வாய்த்த வாத்தியார் காரணமாக இருக்கலாம். நான் காரணமாக இருக்கலாம். எனக்குக் கணக்கு வராதது அவளுக்கும் வராமல் போயிருக்கலாம். அன்று ஒரு துளி எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இன்று எவ்வளவு எடுத்துப் பார்த்தாலும் தெரியாது. 

என் சர்க்கரை வியாதியைப் பரிசோதித்துக்கொள்ளாமல் நான் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டவன். அது என் சொந்த விஷயம். தெரிந்துகொள்ளாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று டாக்டரிடம் வாதாடியும் இருக்கிறேன். என் அறியாமைக்கு நான் வட்டி கட்டுகிறேன், யாருக்கென்ன? குழந்தை விஷயத்தில் இந்த வாதம் நிற்கவில்லை. அறியாமலிருக்கும் சுகம் நமக்கு, வட்டி அவனுக்கு. அவன் “குத்தாதே” என்று அழுவது நம் காதில் விழுகிறது. “ஏன் பார்க்கவில்லை?” என்று கேட்பதற்கு அவனுக்கு இருபது வருஷம் ஆகும், அப்போதும் கேட்கத் தெரியாமலே போய்விடலாம். என் மகள் இன்று வரை கேட்கவில்லை.

காலையில் அந்த அம்மாளிடம் இதை முழுவதும் சொன்னேன். கணக்குகளைச் சொல்லவில்லை; மகள் கதையை மட்டும். அவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள். 

“குத்தறதுக்கு நான் பயப்படலேண்ணே. குத்திப் பார்த்துட்டு, குறைன்னு சொல்லிட்டா? மாடும் தோப்பும் இருக்கிற வீட்டுல புள்ளைக்கு ரத்தமில்லேன்னு நாலு பேர் சொல்லுவாங்களே. அது யாரைக் குத்தும்?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இது ரத்தப் பரிசோதனை அல்ல, வளர்ப்புக்குப் பரீட்சை. எண் வந்ததும் வீட்டில் ஒரு குற்றவாளியைத் தேடுவார்கள். அநேகமாக அது மருமகளாக இருக்கும். “உன் பாலில் சத்தில்லை” என்று ஒரு வார்த்தை போதும். ஒரு பெண்ணை அது ஆயுள் முழுவதும் தொடரும். இந்தத் தீமையை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு நடப்பது இதுதான். பரிசோதிக்கச் சொல்லும் டாக்டர் இரண்டு நிமிஷம் செலவழித்து, “இது யாருடைய குற்றமும் அல்ல” என்று அந்தக் குடும்பத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு நிமிஷம் இல்லாத பரிசோதனை எனக்குச் சம்மதமில்லை. 

பழனிக்குப் போனோம். மூன்று நாளில் காகிதம் வந்தது. ஹீமோகுளோபின் 10.8. ஃபெரிட்டின் 7. தொற்று இல்லை. பழைய கோட்டின்படி சோகை. புதிய கோட்டின்படி சோகையில்லை. குதிர் மட்டும் எந்தக் கோட்டின்படியும் காலி. 

எதிர்பார்த்தபடியே மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்தாம் மாதத்தில் “உனக்குப் பால் பத்தலை” என்று சொல்லிப் பசும்பாலைக் காய்ச்சிப் புகட்ட ஆரம்பித்தது யார் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் அதைச் சொல்லவில்லை. பாட்டியே கடைசியில், “நல்லதுன்னுதானே குடுத்தேன்” என்றாள், பொதுவாகச் சுவரைப் பார்த்து. 

டாக்டர் பாலைக் குறைக்கச் சொன்னார். எடைக்குத் தக்க அளவு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், பருப்பு, கீரை, முட்டை. சாப்பிடும்போது புளிப்பான பழம் ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் தானியத்தில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்டும் என்றார். “எங்க ஊர்ல கொய்யாதான்” என்றாள் பாட்டி அலட்சியமாக. டாக்டர் சிரித்தார். ஆரஞ்சைப்போல நாலு மடங்கு சி வைட்டமின் கொய்யாவில் இருக்கிறதாம். விதையை வடிகட்டிவிட்டு மசித்துக் கொடுக்கச் சொன்னார். தோப்பையே வைத்துக்கொண்டு அந்த வீட்டில் குழந்தைக்குக் கொய்யா கண்ணில் காட்டியதில்லை, சளி பிடிக்குமாம்.

மருந்து ஆரம்பித்த முதல் வாரத்தில் குழந்தை கறுப்பாக வெளிக்குப் போனதைப் பார்த்து அந்த அம்மாள் பதறி எனக்குப் போன் செய்தாள். இரும்பு கொடுத்தால் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஞாபகப்படுத்தினேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை. 

இரண்டு மாதம் கழித்துக் குதிர் நிரம்புகிறதா என்று பார்க்க மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். நானும் அன்று பழனியில் இருந்தேன். பையனுக்குக் காதில் சின்னத் தங்க வளையம், தலையில் மொட்டைக்குப் பிறகு முளைத்த பட்டு ரோமம். இந்தத் தடவை பாட்டியே அவனை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். “எவ்வளவு எடுப்பே?” என்று நர்ஸைக் கேட்டாள். அந்தப் பெண் குப்பியில் இருந்த கோட்டைக் காட்டினாள். குத்தியதும் அவன் அலறினான். எடுத்ததும் நிறுத்திவிட்டு நர்ஸின் மூக்குத்தியைப் பிடிக்கப் போனான். 

பாட்டி அந்தக் குப்பியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

“நல்ல சிவப்பாத்தானே இருக்கு, அண்ணே?” என்றாள்.